குடும்பத்தில் வேறு யாருக்காவது?

செருப்புக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நரையண்ணன்தான். இருபத்துமூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தபோதே பாதித் தலை வெளுத்திருந்தது, முப்பதில் மிச்சமும் வெளுத்தது. இப்போது நாற்பத்தேழு. பஸ்ஸில் ஏறினால் அறுபது வயது ஆள் எழுந்து, "உட்காருங்க பெரியவரே" என்று இடம் கொடுக்கிறான். முன்பெல்லாம் இதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்த ஆறு மாதமாகச் சிரிப்பதில்லை, கொடுத்த இடத்தில் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறார். நிற்கத் தெம்பு இருந்தால்தானே கௌரவம் பார்க்க!

நரை அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அப்பாவுக்கு அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான். "எங்க வம்சத்துல தலை சீக்கிரம் பழுத்துடும், புத்திதான் மெதுவா வரும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கும் வகிட்டோரம் நாலைந்து இழை வெளுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கண்ணாடிக்கு முன்னால் சாயமும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்துவிடுவாள். இதில் யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. தலை நரைக்கிறதென்று எந்தக் காலத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்?

இருபத்துநாலு வருஷம் அவர் பசை மேசையில் வேலை பார்த்தார். செருப்பின் அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் ஒட்டுகிற இடம் அது. பிரஷ்ஷால் முதல் பூச்சு பூச வேண்டும், காய விட வேண்டும், அப்புறம் இரண்டாம் பூச்சு. விரலை வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இழுக்கிற பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பதம் தப்பினால் ஒரே மாதத்தில் செருப்பு வாயைப் பிளக்கும். நரையண்ணன் கை வைத்து ஒட்டியது பிளந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அந்த மேசைக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. காற்று பட்டால் பசையின் மேலே ஆடை கட்டிவிடும் என்பதால் ஜன்னலைத் திறக்கக் கூடாது, மின்விசிறியும் போடக் கூடாது. பதினோரு மணிக்கு ஆளுக்கொரு டம்ளர் பால் வரும். பசை நெடியை அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று கம்பெனியும் நம்பியது, இவர்களும் நம்பினார்கள். சாயங்காலம் கையில் காய்ந்ததைத் தின்னரில் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். "ஏறிடுச்சு, ஏறிடுச்சு" என்று பழைய ஆட்கள் கேலி செய்வார்கள். இரண்டாவது வாரம் பழகிவிடும். பாழாய்ப்போன பழக்கம், எதற்குத்தான் மனுஷன் பழகாமல் இருக்கிறான்!

இன்னொரு வழக்கமும் உண்டு. மேசையில் ஒருவர் நோயில் படுத்தால், அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டு ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து இடத்தைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வாரம் இடம் காலியாகக் கிடந்தால் வெளியாளுக்குப் போய்விடும். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் அதை மீறினவர் யாரும் இல்லை.

முதலில் வந்தது அசதி. சாப்பிட்டால் அசதி, தூங்கி எழுந்தாலும் அசதி. அப்புறம் எங்கே இடித்தோம் என்று தெரியாமலே தொடையிலும் முழங்கையிலும் நீலம் கட்டியது. ஒருநாள் காலையில் பல் துலக்கித் துப்பியதில் தொட்டி முழுக்கச் சிவப்பு. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை பார்ப்பவள், லேசில் பதறுகிற ஆள் இல்லை. அவளே ஆடிப்போனாள்.

"கிளம்புங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க, சட்டையை மாட்டுங்க."

"ஈறு வீங்கியிருக்கும்டி."

"ஆமா, பெரிய பல் டாக்டரு! கிளம்புங்கன்னா."

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளேயிருந்தும் எடுத்தார்கள். ரத்தம் ஊறுகிற மஜ்ஜை ஏறக்குறைய வற்றிக்கிடக்கிறது என்று தெரிந்தது. சில லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோயாம். "அந்த ஒரு ஆளு நான்தானா? ஒரு குலுக்கல்ல கூட எனக்கு விழுந்ததில்லையே" என்றார் நரையண்ணன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்ன வயதுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். பூச்சிமருந்து அடித்தது உண்டா? பெட்ரோல், பெயிண்ட், பசை? மாத்திரை எதுவும் வருஷக்கணக்காக எடுத்தது? மஞ்சள்காமாலை? பசை என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து இருபத்துநாலு வருஷத்தையும் ஒப்பித்தார்.

அதற்கடுத்த கேள்விதான் வினையாகப் போயிற்று.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா ஐயா? ரத்தக்குறைவு, ரத்தக்கசிவு, சின்ன வயசுலயே யாராவது தவறிட்டாங்களா?"

அண்ணன் இருந்தான். முப்பத்தோரு வயதில் செத்தான். எப்போது பார்த்தாலும் படுத்தே கிடப்பான், ஈறில் ரத்தம் வழியும். "சோம்பேறி, சோத்துக்குத் தண்டம்" என்று அப்பா வாய்க்கு வாய் திட்டினார். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் மூக்கில் ரத்தம் கொட்டி, மறுநாள் இல்லாமல் போனான். அந்த அப்பாவும் பிற்பாடு வறட்டு இருமலில் மூச்சு சுருங்கிப் போய்ச் சேர்ந்தார். எல்லாம் நரையண்ணனுக்கு அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி அவரையே பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். கதவோரம் மகள் நின்றுகொண்டு, அப்பாவின் சட்டையை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இல்லீங்க டாக்டரம்மா. யாருக்கும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னார்? கெட்ட எண்ணமா? இல்லை, சத்தியமாக இல்லை. பசையினால் வந்ததென்றால் நோய் தன்னோடு முடிந்தது. ரத்தத்தோடு வந்ததென்றால் அது கதவோரம் நின்ற அந்தப் பெண் மேலும் போய் நிற்கும். 'இல்லை' என்று எழுத வைத்துவிட்டால் இல்லாமலே போய்விடும் என்று பயந்த மனசு நினைத்துக்கொண்டது. பயத்தில் இருக்கிறவன் கணக்கு அப்படித்தான் போகும். வெளியே வந்ததும் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க அண்ணனை ஏங்க மறைச்சீங்க?"

"அவனுக்கு வேற என்னவோ. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா."

"எனக்குத் தெரியாதா? அவருக்குத் துணி துவைச்சுப் போட்டவளே நான்தான்."

"வாயை மூடிட்டு வர்றியா? புள்ளை கேக்குது."

அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்துப் பின்னால் அவளும் அழுதாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்து நலம் விசாரித்தாலும் நரையண்ணன் ஒரே பாட்டுத்தான். "பசைதான். வேற ஒண்ணுமில்ல. பசை பண்ணின வேலை." சொல்லும்போது மகள் பக்கம் திரும்பி லேசாகச் சிரிப்பார். நோயாளி மாதிரியே இருக்காது அந்த முகம்.

பசைதான் குற்றவாளி என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், இன்னொரு காரியமும் செய்தார், அல்லது செய்ய விட்டார். அதுவரை துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்த மகள் அங்கே சொல்லிவிட்டு வந்து அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். இடம் போய்விடக் கூடாதே! வேறு வீட்டுப் பிள்ளைகள் உட்காரவில்லையா? நான் இருபத்துநாலு வருஷம் உட்கார்ந்தேன், இவள் நாலு மாதம் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? பாலைத் தவறாமல் குடி என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஒருத்தருக்கும் அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. மேசையே அவளைக் கொண்டாடியது. "அப்பன் கை அப்படியே இருக்குது" என்றார்கள். அதைக் கேட்டு இவருக்குப் பெருமை வேறு.

ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் பார்த்தும் ரத்தம் ஊறவில்லை. பதினைந்து நாளைக்கொரு முறை அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்றின நாலு நாள் முகம் தெளியும், மறுபடி சோறு பிசையவே கை வலிக்கும். அப்புறம் மஜ்ஜை மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. கூடப் பிறந்தவர் யாரும் உயிரோடில்லை என்பதால், ஒத்து வருமா என்று பார்க்க மகளே முன்வந்து ரத்தம் கொடுத்தாள். அதே வாரம் இவரிடமும் இன்னொரு பரிசோதனைக்கு என்று கூடுதலாக இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வாங்க மகள்தான் போனாள். வந்து பையை ஆணியில் மாட்டியபடியே சொன்னாள்.

"ஒத்து வரலப்பா. வேற ஆளு தேடறாங்களாம்."

"போனாப் போகுது. உன் எலும்புல ஊசி போடாம விட்டாங்களே, அதுவே போதும்" என்றார் அவர். நிஜமாகவே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வாரம் கழித்து, ஒரு காலை நேரம் ரத்தம் ஏற்றிக்கொள்ளத் தனியாக வந்திருந்தார். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்த நர்ஸ், கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு முறைத்தார்.

"உங்க பொண்ணு ஏன் வரவே இல்ல? போன மாசமே வரச்சொல்லி எழுதியிருக்கு. ரெண்டு தடவை போன் பண்ணியாச்சு, எடுக்கவே மாட்டேங்குது."

"அவ எதுக்கு சிஸ்டர்? அவ ரத்தம்தான் ஒத்து வரலையே. பரிசோதனை எனக்குத்தான் இருக்கும், சரியாப் பாருங்க."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் ஐயா. உங்களுக்கு இல்ல, அவங்களுக்குத்தான். மாசாமாசம் ரத்த எண்ணிக்கை பார்க்கணும்னு போட்டிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் நர்ஸுக்கு எதிரே இருக்கிறவரின் முகம் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க டாக்டரைப் பாருங்க" என்று எழுந்து வழிகாட்டினார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்ததும், "பொண்ணு எல்லாத்தையும் சொன்னாங்களா?" என்று கேட்டார். "இப்பதாம்மா தெரிஞ்சுது, நீங்க சொல்லுங்க" என்றார் நரையண்ணன். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். மருந்து கேட்காததாலும் அந்த நரையைப் பார்த்ததாலும் சந்தேகம் வந்து மரபுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். சின்ன வயதில் நரைப்பதும் நுரையீரல் சுருங்குவதும் மஜ்ஜை வற்றுவதும் ஒரே பிறவிக் குறையால் வரலாமாம். அந்தக் குறை அவர் ரத்தத்தில் இருந்தது. மகள் கொடுத்த ரத்தத்தையும் சோதித்ததில் அதே குறை அவளிடமும் இருந்தது. அதனால்தான் அவள் மஜ்ஜையை எடுக்க முடியாது என்றார்கள். அப்பா பலம் இல்லாமல் கிடக்கிறார், நானே பக்குவமாகச் சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள்.

"அப்ப இது பசையில்லையா?" என்று கேட்டார்.

"பசையும்தான் ஐயா. பிறவியிலேயே மஜ்ஜை கொஞ்சம் பலம் கம்மி. அப்படியே கடைசி வரைக்கும் நல்லா ஓட்டிடறவங்களும் இருக்காங்க. அதுக்கு மேல பசை நெடி, தின்னர், புகை எல்லாம் வருஷக்கணக்கா ஏறினா தாங்காது. எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்க பொண்ணுக்கு இப்ப நோய் இல்ல. வராமலேயும் போகலாம். அந்த மாதிரி நெடிக்குப் பக்கத்துல போகக் கூடாது, அது ஒண்ணுதான் முக்கியம். நல்லவேளை, துணிக்கடையில வேலைன்னு சொன்னாங்க."

நரையண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"துணிக்கடை இல்லம்மா. என் இடத்துலதான் உட்கார்ந்திருக்கா. பசை மேசையில. அஞ்சு மாசமா."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். இவர் மிச்சத்தையும் கொட்டினார். அண்ணனைச் சொன்னார், ஈறைச் சொன்னார், அப்பாவின் இருமலைச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அம்மா முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. நாள் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த முகமாக இருந்தது.

"முதல் நாளே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, அந்தப் பரிசோதனையை அந்த வாரமே அனுப்பியிருப்பேன். முடிவு வந்ததும் உங்க குடும்பத்தையே கூப்பிட்டுப் பேசியிருப்பேன். உங்க பொண்ணு அங்க இத்தனை மாசம் உட்கார்ந்திருக்க மாட்டாங்க."

ரத்தம் ஏறி முடிக்க இரண்டு மணி ஆயிற்று. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். யாரைக் காப்பாற்றவென்று வாயை மூடினாரோ, அவளையே கொண்டுபோய் நெடிக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார். இதைவிட ஒரு அப்பன் என்ன கெடுதல் செய்துவிட முடியும்? ஊசியைப் பிடுங்கிய கையோடு கம்பெனிக்கு பஸ் ஏறினார்.

பசை மேசைக்கு அவர் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் மூக்குக்குத் தெரியாத நெடியில் அன்றைக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. மகள் பிரஷ்ஷோடு குனிந்து, பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, நரையண்ணே! வாங்க, வாங்க!" என்று மேசையே திரும்பியது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

"எந்திரிம்மா."

"என்னப்பா? தனியாவா வந்தீங்க? உட்காருங்க முதல்ல."

"எந்திரின்னு சொல்றேன்ல."

சூப்பர்வைசர் ஓடி வந்தான். இவர் கையில் தொழில் பழகியவன்தான். "அண்ணே, என்ன பிரச்சினை? பாப்பா நல்லாத்தானே செய்யுது. எழுப்பிக் கூட்டிட்டுப் போனீங்கன்னா இடம் போயிடும்ணே, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"போகட்டும்பா. எங்க வீட்டுல இருந்து இனி யாரும் வரமாட்டாங்க."

மகள் பிரஷ்ஷை டின்னுக்குக் குறுக்கே வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்ற பிறகு கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களா?"

அவர் தலையாட்டினார். அவருக்கு மூச்சு வாங்கியது. குழாயடித் திட்டில் உட்கார்ந்தார்.

"ஏம்மா மறைச்சே? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? யார் வந்தாலும் பசைதான், பசைதான்னுவீங்க. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. உனக்கு ஒண்ணுமில்ல, நீ தப்பிச்சுட்டேங்கற மாதிரி. இந்த ஆறு மாசத்துல உங்க மூஞ்சியில நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலப்பா."

"நான் சந்தோஷப்படறதுக்காக நீ அந்தப் பசையில உட்கார்ந்திருப்பியா? பைத்தியமா உனக்கு?"

"எந்திரிச்சா ஏன் எந்திரிச்சேன்னு கேப்பீங்க. என்னன்னு சொல்வேன்?"

அவர் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னார். டாக்டர் கேட்டும் மறைத்ததைச் சொன்னார், ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னார். பெற்ற பெண் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவும் செய்தாள், ஆனால் அழுதுகொண்டே திட்டினாள்.

"நல்லா இருக்குப்பா. நீங்க எனக்காகப் பொய் சொல்லுவீங்க, நான் உங்களுக்காகப் பொய் சொல்லுவேன். நல்ல குடும்பம்! டாக்டரம்மாதான் நடுவுல பாவம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன் வந்துச்சு, எடுக்கல. பயமா இருந்துச்சு. ரெண்டு வாரமா எனக்கும் ரொம்ப அசதியா இருக்குப்பா. பசையா, பயமா, இல்ல அதுதானான்னு தெரியல."

நரையண்ணன் எழுந்துவிட்டார். எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அடுத்தவர் ரத்தம்தான், காலையில் ஏற்றியது.

"நட. நாலு மணிக்கு ரத்தம் எடுக்கற கவுண்ட்டரை மூடிடுவாங்க."

"இப்பவேவா? முதல் பூச்சு பூசி வச்சிருக்கேன்ப்பா. பன்னெண்டு ஜோடி. காஞ்சு வீணாப்போயிடும்."

"வீணாப்போகட்டும்."

கவுண்ட்டருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. காலையில் பார்த்த அதே நர்ஸ் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைக் காட்டினார். மகள் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். விரல் இடுக்கில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. இன்னொரு கையை அவர் பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாகத் தன் உடம்பில் எத்தனையோ ஊசியை வாங்கியவர், அவள் கையில் ஊசி இறங்கியபோது பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.